எண் இல்லாத வீட்டின் ஓசை

"யாருதுடி இது?"

மகளின் படுக்கையை உதறி விரிக்கப் போன நோனி மாகனின் கையில் அது தட்டுப்பட்டது. கறுப்பாக, தட்டையாக, ரொட்டி அறுக்கிற பலகை அளவுக்கு இருந்தது. திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் பள்ளிக்கூட முத்திரை குத்திய வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது. சீட்டில் பதினேழு என்று எழுதியிருந்தது.

வின்னி அடுப்போரம் நின்றாள். பதினைந்து வயது. மாதாகோயிலுக்குப் போக ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டியிருந்தாள்.

"உன்னத்தான் கேக்குறேன். யாருதுடி இது?"

கூரைத் தகரத்தில் மழை சடசடத்தது. வெளியே புருஷன் மைலி, செத்துப்போன பம்ப் மோட்டார் ஒன்றைச் செம்புக்காகப் பிளந்துகொண்டிருந்தான். சுத்தியல் விழுந்து விழுந்து வண்டி வீட்டின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"ஸ்கூலுது."

"அது எழுதியே ஒட்டியிருக்கு. இங்க எப்படி வந்துச்சு?"

வின்னியின் கண் அம்மாவின் முகத்தில் இல்லை. அந்தக் கறுப்புப் பலகையின் ஓரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோனிக்கு அந்தப் புள்ளி என்னவென்று தெரியாது. சார்ஜ் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

சுத்தியல் நின்றது. மைலி ஈரச் சட்டையோடு உள்ளே ஏறி வந்தான். மனைவியின் கையில் இருப்பதைப் பார்த்ததும் கதவை இழுத்துச் சாத்தினான்.

"எடுத்துட்டு வந்தியா?"

"மிஸ் ஹெஷன் குடுத்தாங்கப்பா."

"எழுதிக் குடுத்தாங்களா?"

"இல்ல. என் பையில வச்சு விட்டாங்க. யார்ட்டயும் சொல்லாத, திங்கக்கிழம காலைல சீக்கிரமா வா, பெட்டிக்குள்ள திருப்பி வச்சுரலாம்னாங்க."

மைலி சிரித்தான். அவன் அப்படிச் சிரிக்கும்போது பக்கத்தில் நிற்க நோனிக்குப் பிடிக்காது.

"நல்ல மனசு. தங்கமான மனசு. போலீஸ் வந்து மெத்தையக் கிழிக்கிறப்ப அந்த மனசு வந்து நிக்குமா? நோனி, அத ஆத்துல போடு."

"போட்டா மட்டும் இல்லன்னு ஆயிருமா? கத்தாத. பக்கத்து வண்டிக்குக் கேக்கும்."

மெத்தையைக் கிழித்தது சும்மா பேச்சில்லை. போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் மேட்டுப் பண்ணையில் ஒரு ஜெனரேட்டர் காணாமல் போனது. போலீஸ் வேறெங்கும் போய் விசாரிக்கவில்லை. விடியற்காலையில் நேராக முகாமுக்கு வந்து ஐந்து வண்டி வீடுகளையும் குடைந்தார்கள். மைலியின் மெத்தையைக் கத்தியால் கீறிப் பார்த்தார்கள். ஜெனரேட்டர் எங்கே இருந்ததென்று ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது. பண்ணைக்காரரின் சொந்தத் தம்பியின் கொட்டகையில். மெத்தையைத் தைத்துக் கொடுக்க ஒருவரும் வரவில்லை. நோனிதான் தைத்தாள். அந்தத் தையல் இன்றைக்கும் முதுகில் உறுத்துகிறது.

அயர்லாந்தின் மேற்கில், பாலிடெரிக் என்ற அந்தச் சின்ன ஊருக்கு வெளியே, சுற்றுச் சாலைக்கும் குப்பைக் கிடங்குக்கும் நடுவில் இருந்தது முகாம். ஒரு காலத்தில் வண்டி கட்டி ஊர் ஊராகப் போன ஜனம். தகரம் அடித்தார்கள், குதிரை விற்றார்கள். பிறகு ஊர்க் கவுன்சில் பிடித்து ஒரு சுவருக்குள் நிறுத்தி, இதுதான் உங்கள் இடம் என்றது. ஊர்க்காரர்கள் வாயில் அவர்களுக்கு இன்னும் பெயர் 'தகரம்'தான்.

"எதுக்குடி உனக்கு இது?" நோனி குரலை இறக்கினாள். "எல்லாரும் போல ஸ்கூல்லயே வச்சு வாசிக்க வேண்டியதுதான?"

"எல்லாரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறாங்கம்மா. எனக்கு மட்டுந்தான் இல்ல."

வின்னி சொல்லச் சொல்லத்தான் விஷயம் வந்தது. ஓர்லா ஹெஷன் போன வருஷம் இசை டீச்சராக வந்தபோது, இசை அறையில் இருந்தவை பதின்மூன்று பிளாஸ்டிக் குழல்களும், பாதிக் கட்டை பேசாத ஒரு பியானோவும்தான். அந்த அம்மாள் கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து தேடினாள். எந்த மென்பொருள் இலவசம், எது பழைய மெஷினிலும் ஓடும், ஒரு ஹெட்போன் துளையை இரண்டு பேர் எப்படிப் பங்கு போடலாம், மைக்குக்குக் காற்று இரையாமல் எதைச் சுற்றலாம் என்று நோட்டு நோட்டாக எழுதினாள். கண்ட அறக்கட்டளைக்கெல்லாம் மனுப் போட்டாள். கடைசியில் மூடிப்போன ஒரு காப்பீட்டு ஆபீஸின் பழைய டேப்லெட்டுகள் இருபத்து நாலு, ஓர் அறக்கட்டளை வழியாக வந்து சேர்ந்தன. பாட்டு எழுதலாம், ஓசையைப் பதியலாம், வெட்டி ஒட்டலாம். பியானோ வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பியானோ.

இப்போது வின்னியின் வகுப்பான மூன்றாம் ஆண்டுக்கு ஒரு பயிற்சி வந்திருக்கிறது. தலைப்பு 'எங்கள் வீட்டு ஓசைகள்'. அவரவர் வீட்டில் கேட்கிற சத்தத்தைப் பதிந்து, அதை வைத்து மூன்று நிமிஷத்துக்கு ஓர் இசை கட்ட வேண்டும். வியாழக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பாதவர்களுக்கு அடுத்த வருஷம் இசை வகுப்பு கிடையாது.

"வீட்டு ஓசைன்னா வீட்டுக்குக் கொண்டு வந்தாத்தான ஆகும்," என்றாள் வின்னி.

"உனக்கு மட்டும் ஏன் இல்லையாம்?" என்றான் மைலி.

"நமக்குத் தபால் எண் இல்லல்லப்பா. கம்ப்யூட்டர் ஃபாரத்துல அதக் கேக்குது. போடலைன்னா அடுத்த பக்கம் திறக்காது. எண் இருக்குற வீட்டுலதான் மெஷின் இருக்கணும், இல்லன்னா காப்பீடு கிடையாதுன்னு குடுத்தவங்க சொல்லிட்டாங்களாம்."

அந்த நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஏழெழுத்தில் தனித்தனித் தபால் எண். மாட்டுக் கொட்டகைக்குக் கூட ஊரில் சிலர் வாங்கி வைத்திருந்தார்கள். முகாமுக்கு இல்லை. வண்டி வீடு வீடில்லை என்று கவுன்சில் எழுதி அனுப்பியிருந்தது.

மைலி அடுப்பைப் பார்த்தான். மகள் சமையல் கேஸ் சிலிண்டரை விரல் கணுவால் இரண்டு தட்டுத் தட்டி, "இன்னும் நாலு நாளைக்கு வரும்பா" என்பாள். நாலாம் நாள் சாயங்காலம் அடுப்பு அணையும். ஒருமுறை கூடத் தப்பியதில்லை. அந்தக் காதுக்குப் பள்ளிக்கூடத்தில் வேறு பேர் இருக்கிறது, அதைப் படிக்க வைக்கலாம் என்று முதலில் சொன்னது ஹெஷன்தான். முகாமில் இந்த வயதைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போன பெண் அதுவரை யாருமில்லை. இசை வகுப்பு போனால் வின்னியும் நின்றுவிடுவாள். அது மூன்று பேருக்கும் தெரியும்.

நோனி டேப்லெட்டைத் துணியில் சுற்றி, மாவு டப்பாவுக்குள் இறக்கி மூடினாள். அதற்குமுன் வின்னி கையை நீட்டி அந்தச் சிவப்புப் புள்ளியை ஒரு தட்டுத் தட்டி அணைத்தாள்.

அன்று பகல் முழுக்க அந்த வண்டி வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மூன்று மணி வாக்கில் போலீஸ் கார் ஒன்று சுற்றுச் சாலையிலிருந்து இறங்கி முகாம் வாசல் வரை ஊர்ந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக வருகிற ரோந்துதான். இருந்தும் மைலி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கைகள் இரண்டும் வெளியே தெரிகிற மாதிரி எழுந்து நின்றான். நோனி மாவு டப்பாவுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தாள். கார் ஒரு நிமிஷம் உறுமிவிட்டுப் பின்வாங்கிப் போனது. அவள் உரித்த கிழங்கு பாதியாக இளைத்திருந்தது.

திங்கள் காலையில் நோனியே கிளம்பினாள். டேப்லெட் அவள் கோட்டுக்குள் இருந்தது.

"என் பையிலயே இருக்கட்டும்மா."

"வழியில எவனாவது நிறுத்துனா ஏங்கிட்ட இருக்கட்டும். எனக்கு இனிமேப் பரீட்சையா இருக்கு?"

முகாம் வாசலில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே குறுக்காக ஓர் இரும்புத் தடி போட்டிருந்தது. புதிதாக வண்டி வீடு எதுவும் உள்ளே வந்துவிடக் கூடாதென்று கவுன்சில் போட்டது. ஆம்புலன்சும் அதற்குள் நுழையாது. காற்றடித்தால் தடியின் சங்கிலி கிலுங்கும். வின்னி நடந்துகொண்டே அதை அண்ணாந்து பார்த்தாள்.

பள்ளிக்கூட நடையில் ஆபீஸ் கண்ணாடிக்குப் பின்னால் காரியதரிசி கான்செப்டா டீ குடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு மேலே பித்தளைத் தகட்டில் பள்ளியின் பெயர், அதன் கீழே ஏழெழுத்துத் தபால் எண். நோனி அந்தத் தகட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக இசை அறைக்கு நடந்தாள்.

கதவு திறந்து கிடந்தது. துணைத் தலைமையாசிரியர் டெவேனி டேப்லெட் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். வாராவாரம் திங்கட்கிழமை எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது காப்பீட்டுக்காரர்களின் நிபந்தனை. ஹெஷன் பியானோவின் பக்கத்தில் நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"இருபத்து மூணு கையெழுத்துப் போட்டு வெளிய போயிருக்கு," என்றார் டெவேனி. "ஒண்ணு இங்க இருக்கணும். பதினேழு. இல்ல. நான் யாரையும் குத்தம் சொல்லல ஓர்லா. ஆனா கிளாஸ்ல வீட்டுக்குக் குடுக்காத பிள்ள ஒண்ணே ஒண்ணுதான். முதல்ல அங்க கேக்குறதுதான முறை?"

"கேக்க வேண்டாம் சார்," என்றாள் நோனி வாசலிலிருந்து. "கொண்டு வந்துட்டோம்."

துணியைப் பிரித்து டேப்லெட்டை மேசையில் வைத்தாள். அதன் விளிம்பில் கொஞ்சம் மாவு ஒட்டியிருந்தது. டெவேனி அந்த மாவைப் பார்த்தார்.

"வந்துருச்சு. சரி. எப்படிப் போச்சுன்னு யாராவது சொல்றீங்களா?"

ஹெஷன் பியானோ மூடியைப் பார்த்தபடி நின்றாள். நோனி சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் வாயால் சொன்னால் அது ஒரு தகரக்காரி டீச்சர்மேல் போடுகிற பழி. சொல்ல வேண்டிய வாய் எதுவோ அது திறக்கட்டும் என்று நின்றாள்.

"நான்தான் எடுத்தேன் சார்," என்றாள் வின்னி.

நோனி அப்போதும் ஹெஷனையே பார்த்தாள்.

டெவேனி பெருமூச்சு விட்டார். கோபம்கூட இல்லை. நெடுநாளாக எதிர்பார்த்த விருந்தாளி வந்த மாதிரி இருந்தது அவர் முகம். "உண்மையச் சொன்னதுக்கு நல்லது. ஆனா திருட்டு திருட்டுத்தான் மிஸஸ் மாகன். நிர்வாகக் குழுவுக்கு எழுதணும். போலீசுக்கும் ஒரு வார்த்த சொல்லி வைக்கணும், காப்பீட்டுக்காக." சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"நான்தான் குடுத்தேன்."

ஹெஷனின் குரல் அவளுக்கே கேட்டிருக்காது. டெவேனி திரும்பினார்.

"என்ன?"

"வெள்ளிக்கிழமை நான்தான் அவ பையில வச்சேன். ஃபாரம் ஏத்துக்கல. வேற வழி தெரியல. அவ எடுக்கல."

டெவேனி போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், போனைப் பைக்குள் போட்டார்.

"ஓ. அப்ப ஏதோ சின்னக் குழப்பம். முதல்லயே சொல்லியிருக்கலாமே ஓர்லா. சரி, மெஷின் வந்துருச்சு, முடிஞ்சது. வின்னி, கிளாசுக்குப் போம்மா."

"இருடி," என்றாள் நோனி. "சார், ஒரு நிமிஷம் முன்னாடி அது திருட்டு. இப்பக் குழப்பமா?"

"நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."

"நான் எதையும் எடுக்கல சார். அதத்தான இவ்வளவு நேரம் பேசிட்டிருந்தோம்." மகளிடம் திரும்பினாள். "நீ ஏன்டி பொய் சொன்ன?"

"மிஸ்ஸுக்கு வேல போயிருமோன்னு."

ஹெஷன் கண்ணைத் துடைத்தாள்.

"அழாதீங்க மிஸ்," என்றாள் நோனி. அவள் குரலில் ஆறுதல் இல்லை, கோபமும் இல்லை. "எம் புள்ளைக்குப் படிப்பு வரணும்னு நெனச்ச ஆளு நீங்க ஒருத்தர்தான். அத மறக்க மாட்டேன். ஆனா நல்லத ஏன் ஒளிச்சுச் செய்றீங்க? நீங்க ஒளிச்சுக் குடுத்தா, வாங்குனவதான் திருடி. எங்களுக்கு எதக் குடுத்தாலும் நோட்டுல எழுதிக் குடுங்க. இல்லன்னாக் குடுக்காதீங்க."

"அந்த நோட்டத்தான் நானும் சொல்றேன்," என்றார் டெவேனி. "விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். நீங்களே பாருங்க." அச்செடுத்த பட்டியலை அவள் பக்கம் தள்ளினார். படிக்க மாட்டாள் என்ற நம்பிக்கையில் தள்ளினார்.

நோனிக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். பெயர்களை விட்டுவிட்டு எண்கள் இருந்த கடைசிப் பத்தியில் விரலை வைத்து இறக்கினாள். விரல் பாதி வழியில் நின்றது.

"இது யாரு வீடு?"

டெவேனி எட்டிப் பார்த்தார். "ஃபின்டன் கில்ராய். வீட்டுமனைத் தரகர் பையன்."

"இது ஸ்கூல் நம்பருல்ல சார்?"

டெவேனி பட்டியலைத் தன் பக்கம் திருப்பினார்.

"உங்களுக்கு எப்படி..."

"வின்னி ஒரு நாள் வரலைன்னா இந்த ஏழு எழுத்தும் தலையில போட்டு எனக்குக் கடுதாசி வருது. மூணு வருஷமா வருது. எம் பேர எழுதச் சொன்னாத் தடுமாறுவேன், இதக் கண்ண மூடிட்டு எழுதுவேன். இன்னொண்ணு சார், அந்தக் கடுதாசியெல்லாம் எங்களுக்கு நம்பர் இல்லாமலே சரியா வந்து சேருது."

வாசலில் கான்செப்டா வந்து நின்றிருந்தாள். கையில் டீ கோப்பை. "அது நான்தான் போட்டேன்," என்றாள். "அவங்க புது வீடு கட்டுறாங்க, எண் இன்னும் வரல. அந்தம்மா போன் பண்ணிக் கேட்டாங்க, போட்டேன். இதுல என்ன இருக்கு? யாரு கேட்டாலும் போட்டிருப்பேன்."

"இப்ப நான் கேக்குறேன்," என்றாள் நோனி.

கான்செப்டா டெவேனியைப் பார்த்தாள். டெவேனி பட்டியலை மடித்தார்.

"அது வேற, இது வேற மிஸஸ் மாகன். அவங்களுக்கு வீடு வரப்போகுது."

"நாங்க கவுன்சில் வீட்டுக்கு எழுதிப் போட்டு பதினோரு வருஷமாச்சு. எங்களுதும் வரப்போகுதுதான்."

"நான் இதக் குழுக் கூட்டத்துல வைக்கிறேன். இருபதாம் தேதி."

"இவ வியாழக்கிழம அனுப்பணும்."

"என் கையில என்ன இருக்கு?"

அவர் கையில் பட்டியல் இருந்தது. அதை நோனி சொல்லவில்லை. வாசல் வழியே நடையைப் பார்த்தாள்.

"சரி. இந்த மெஷினுக்கு வீடு இந்த ஸ்கூலுதான். இங்கயே இருக்கட்டும். வின்னி இங்கயே உக்காந்து முடிப்பா."

"நாலு மணிக்கு ரூமப் பூட்டிருவோமே. அதுக்கப்பறம் பிள்ளைங்க தனியா இருக்கக் கூடாது."

"ரூம் வேண்டாம். நடையில பெஞ்சு கிடக்கு. துணைக்கு நான் இருக்கேன்."

அதற்கு விதி எதுவும் இல்லை. டெவேனி தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

அன்று நாலு மணிக்கு அம்மாவும் மகளும் ஆபீஸ் கண்ணாடிக்கு எதிரே, பித்தளைத் தகட்டைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகளை அழைத்துப் போக வந்த தாய்மார்கள் பெஞ்சு வரும்போது பேச்சை நிறுத்தி, தாண்டியதும் தொடர்ந்தார்கள். ஒருத்தி மட்டும் "ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்டாள். "பாட்டு கட்டுறோம்," என்றாள் நோனி. மூன்று பையன்கள் ஓடி வந்து, "டேய், தகரம் ஸ்கூலுக்கே குடி வந்துருச்சுடா," என்று சொல்லிவிட்டு ஓடினார்கள். வின்னி காதில் ஹெட்போன். கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் அவள் விரல் நிற்கவில்லை. திரையில் பச்சைப் பட்டைகளை இழுத்தாள், வெட்டினாள், ஒட்டினாள், முகம் சுளித்தாள், மறுபடி வெட்டினாள். ஆறரைக்குக் காவல்காரர் சாவிக்கொத்தோடு வந்தபோது டேப்லெட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு மழையில் நடந்தார்கள்.

செவ்வாயும் அப்படியே. கான்செப்டா ஐந்து மணிக்குக் கிளம்பும்போது பெஞ்சைப் பார்க்காமல் போனாள். திரும்பி வந்து நடையின் ஹீட்டரைப் போட்டுவிட்டுப் போனாள்.

புதன்கிழமை மைலி வந்தான். இந்தப் பள்ளிக்கூடத்துக்குள் அவன் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. பிளாஸ்க்கில் டீயும், துணியில் சோடா ரொட்டியும் கொண்டுவந்திருந்தான். கைகள் வெளியே தெரிகிற மாதிரி நின்றான்.

"உக்காரு," என்றாள் நோனி. "யாரும் சோதனை போட வரல."

"பழக்கம்," என்று சொல்லி உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரத்தில் ஹெஷன் வந்தாள். மூன்று நாளாக ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவள், அன்று வந்து நோனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பெட்டியப் பாத்து அவர் கேட்ட உடனே நான் பேசியிருக்கணும்."

"ஆமா," என்றாள் நோனி. மைலி பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றி டீச்சரிடம் நீட்டினான். அவள் வாங்கிக் குடித்தாள்.

"பட்டியல்ல இவ பேரச் சேக்கணும்னு குழுவுக்கு எழுதிக் குடுத்துட்டேன். கையெழுத்துப் போட்டு. கில்ராய் வீட்டு எண்ணையும் எழுதியிருக்கேன்."

"அப்ப உங்களுக்கும் இந்தப் பெஞ்சுதான்," என்றான் மைலி. டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நேரம் நிற்கவில்லை.

வின்னி நிமிர்ந்தாள். "முடிஞ்சுருச்சு மிஸ்."

ஹெஷன் அவளோடு சேர்ந்து திரையைத் தட்டினாள். இசை போய்ச் சேர்ந்தது என்று ஒரு வரி வந்தது. ஒரு நாள் முன்னதாகவே.

"என்னடி கட்டுன, மூணு நாளா? எங்களுக்கும் போட்டுக் காட்டு," என்றாள் நோனி.

வின்னி அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். ஹெட்போன் கம்பியைப் பிடுங்கினாள். சத்தத்தைக் கூட்டினாள்.

முதலில் மழை. தகரக் கூரையில் விழுகிற மழை, தனித்தனித் துளியாகப் பிரித்து, மேலும் கீழுமாக அடுக்கியிருந்தது. அதற்குள் கேஸ் அடுப்பின் புஸ்ஸென்ற மூச்சு. பிறகு சுத்தியல். மைலி பிளாஸ்க்கைக் கீழே வைத்தான். செத்த மோட்டாரைப் பிளக்கிற அவன் சுத்தியலேதான். ஆனால் அது இப்போது நடந்தது. கால் மாற்றி, தாளம் தப்பாமல் நடந்தது. பின்னால் எங்கோ ஒரு கார் உறுமி வந்து, நின்று, பின்வாங்கிப் போனது. அதை அவள் தொண்டையாலேயே செய்திருந்தாள். வாசல் தடியின் சங்கிலியாக, இசை அறையில் இருந்த சாவி எதையோ கிலுக்கியிருந்தாள்.

சுத்தியலின் மேல் ஒரு குரல் வந்தது.

"யாருதுடி இது?"

நோனிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என் குரலா?"

"ஞாயித்துக்கிழம மழையப் பதியத்தான் மெத்தையில வச்சிருந்தேன். நீ எடுக்குறப்ப ஓடிட்டிருந்துச்சு," என்றாள் வின்னி.

அந்தச் சிவப்புப் புள்ளி.

"யாருதுடி இது?" சுத்தியல் இரண்டு அடி. "யாருதுடி இது?" இன்னும் இரண்டு அடி. ஒவ்வொரு தடவையும் குரல் ஒரு படி ஏறியது. பயந்து கேட்ட கேள்வி மெல்ல மெல்லப் பயத்தை உதறிக்கொண்டு வந்தது. வெறிச்சோடிய பள்ளிக்கூட நடை. கல் தரை, உயரமான கூரை. மூன்று சுவரும் அதைத் திருப்பிக் கேட்டன.

ஆபீஸ் கதவு திறந்தது. டெவேனி வெளியே வந்தார். அவரோடு, மகனின் டேப்லெட்டில் ஏதோ கோளாறு என்று சொல்ல வந்திருந்த மிஸஸ் கில்ராய். இருவரும் பித்தளைத் தகட்டுக்குக் கீழே நின்றார்கள்.

"என்ன சத்தம் இது?"

"வீட்டுப் பாடம் சார்," என்றாள் நோனி. "எங்க வீடு."

"யாருதுடி இது?" என்றது மெஷின்.

மிஸஸ் கில்ராய் தன் கையிலிருந்த டேப்லெட்டைப் பையோடு மார்பில் அணைத்துக்கொண்டாள். எதற்கென்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"கொஞ்சம் நிறுத்தலாமே. ஆபீஸ்ல ஆள் இருக்கு," என்றார் டெவேனி.

வின்னியின் விரல் திரைக்குப் போனது. நோனி அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"முடியட்டும் சார். மூணு நிமிஷந்தான்."

அவர் நின்றார். உள்ளே போகவும் இல்லை, வெளியே போகவும் இல்லை. சுத்தியல் விழுந்தது. குரல் இன்னொரு படி ஏறி, மறுபடியும் கேட்டது.